என் வாயில் ஒரு நாலாம் கிரேடு

அக்கா சுடும் முறுக்கைப் பற்றி நான் வெளியில் குறை சொல்வதில்லை. ஆனால் இது என் பல்லைப் பற்றிய விஷயம். முறுக்கைத் தொடாமல் பல்லுக்கு வர வழியில்லை.

ஆவணியில் அக்கா மகளுக்குத் திருமணம். பெட்டாலிங் ஜெயாவில் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பலகாரங்களைப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தோம். ருசி பார்க்கச் சொல்லி அக்கா ஒரு முறுக்கை நீட்டினாள். கடித்தேன். டக் என்று சத்தம் கேட்டது.

"பாத்தியா, என்னா மொறுமொறுப்பு!" என்றாள்.

முறுக்கு முழுதாக என் கையில் இருந்தது. உடைந்தது பல்.

மேல்வரிசையில் இடப்பக்கத்துக் கோரைப்பல் அது. கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் தெற்றுப்பல். முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் என்னைப் பெண் பார்க்க வந்த மாமியார், காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாம் சரி, பல்லுதான் கொஞ்சம் எடுப்பு" என்று வாசல் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். மாட்டுக்குக் கொடுத்த அந்த மரியாதையைப் பெண்ணுக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சிரிப்பு வந்தால் இடது கை தானாக எழுந்து வாயை மூடிவிடும். கல்யாணப் படத்தில்கூட வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் நிற்கிறேன். பார்ப்பவர்கள் ரொம்ப அடக்கமான பெண் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட பல் போனதில் எனக்கு வருத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தது. உடைந்த துண்டைத் தூக்கிப்போட மனமில்லாமல் ஒரு குங்குமச் சிமிழில் போட்டு வைத்தேன்.

நாங்கள் இருப்பது கிள்ளானில். கிள்ளானில் பல் டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த கிளினிக்கில் போய் உட்கார்ந்தாலும் பக்கத்து நாற்காலியில் சம்பந்தி வீட்டு ஆளோ கோயில் கமிட்டிக்காரரின் மனைவியோ இருப்பார். காலையில் வாயைத் திறந்தால் மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் ரயிலேறி, தலைநகரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் போனேன். புடவைக் கடைக்கு மேலே, மாடியில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் என் மகளாக இருக்கக்கூடிய வயதுப் பெண். பார்த்தார், படமெடுத்தார், மிச்சமிருந்த வேரைப் பிடுங்கினார். அந்த இடத்துக்குத் தற்காலிகமாக, ஒற்றைப் பல் ஒட்டிய பிளேட் ஒன்றைக் கொடுத்தார்.

"ஈறு ஆற ரெண்டு மாசம் ஆவும் ஆன்டி. அப்பறம் எலும்புல டைட்டானியம் ஸ்குரூ ஒன்னு எறக்கிடலாம். எலும்பு அதப் புடிச்சிக்க ஒரு மூனு மாசம். அதுக்கு மேல பல்லு. என்கிட்ட ரெண்டு வகை இருக்கு. ஒன்னு நாலாம் கிரேடு, சுத்த டைட்டானியம். இன்னொன்னு அஞ்சாம் கிரேடு, வேற உலோகம் கலந்தது. ரெண்டும் நல்லதுதான். வீட்ல பேசிட்டு வாங்க" என்று ஒரு மடிப்புத் தாளைக் கையில் கொடுத்தார்.

வீட்டில் பேசினேன். என் ஆயுளில் நான் செய்த பெரிய பிழைகளில் அது மூன்றாவது. முதல் இரண்டையும் எழுத இன்னும் தைரியம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். புகை போட்டுக் காயவைத்த ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிப்பதுதான் அவர் வேலை. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் ஷீட்டை விரித்துப் பார்ப்பார். கொப்புளம் இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா, பூசணம் பிடித்திருக்கிறதா என்று பார்த்து ஒன்றிலிருந்து ஐந்து வரை கிரேடு சொல்வார். ஒன்று என்றால் ராஜா. ஐந்து என்றால் கடைசி. வேலையை விட்டு இத்தனை வருடங்கள் ஆகியும் பழக்கம் விடவில்லை. தோசையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து "ரெண்டு" என்பார். பாசாரில் மீனைத் திருப்பிப் பார்த்து "மூனு" என்பார். சம்பந்திகளையும் பிரித்து வைத்திருக்கிறார். என்னை எந்தக் கிரேடில் வைத்திருக்கிறார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்ற பயம்தான்.

அவர் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். முகம் சிவந்தது.

"நாலு, அஞ்சு. நமக்குன்னு வந்தா நாலும் அஞ்சும்தான் எடுத்து நீட்டுவாங்க. ஒன்னாம் கிரேடு எங்க? பெரிய ஆளுங்களுக்கு எடுத்து வெச்சிருப்பாங்களோ?"

"அது அப்படி இல்லைங்க..."

"நீ சும்மா இரு. கிரேடப் பத்தி எனக்கா பாடம்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் வந்தார்கள். முறுக்கு கொண்டுவரவில்லை, அந்த அளவுக்கு நல்ல மனது உண்டு. அத்தான் புத்ராஜெயாவில் அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்க வேலையில் எல்லாருக்கும் ஒரு கிரேடு எண் உண்டு. எண் ஏற ஏற நாற்காலி பெரிதாகும், கார் நிறுத்தும் இடம் வாசலுக்குப் பக்கத்தில் வரும். அத்தானுக்கு மனிதர்களைப் பெயரால் ஞாபகம் வைக்கத் தெரியாது. "அந்த நாப்பத்தெட்டு போன வாரம் தவறிட்டாரு, பாவம். மகன் இப்போதான் நாப்பத்தொன்னு ஆனான்" என்பார். எங்களுக்கு யாரென்று தெரியாவிட்டாலும் துக்கத்தின் அளவு தெரிந்துவிடும்.

அவரும் தாளைப் படித்தார். அவர் முகமும் சுருங்கியது. காரணம் நேர் எதிர்.

"அஞ்சுக்கு மேல இல்லையா? அஞ்சுன்னா கதவு தொறந்து விடற ஆளு லா."

"அண்ணே, நீங்க வேற. ஒன்னுதான் பெஸ்ட்டு" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒன்னா? ஒன்னுலதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. யாராச்சும் அங்கயே நிப்பாங்களா?"

இரண்டு பேரும் என் வாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்குத் தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தேன். அக்கா நடுவில் புகுந்தாள். "ஏங்க, முட்டைக்கே கிரேடு ஏ-ன்னு எழுதி விக்கிறாங்க. பல்லுக்கு இல்லையா? ஏ கேட்டுப் பாருங்க" என்றாள். அவளை இருவரும் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு சின்ன விவரம் சொல்ல வேண்டும். அங்கே யாரும் கேட்கவில்லை என்பதால் இங்கே சொல்கிறேன். நான் சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்து 'பாஸ்' போடுவதுதான் என் வேலை. எங்களிடம் மெதுவான கம்பியும் உண்டு, கடினமான கம்பியும் உண்டு. எது எந்த வேலைக்குப் போகவேண்டும் என்று தாளில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் போடுவோமே தவிர, எது உசத்தி என்று யாரும் சட்டையைப் பிடித்துக்கொண்டதில்லை. உலோகத்துக்குக் கிரேடு என்றால் என்னவென்று அந்தக் கூடத்தில் தெரிந்த ஒரே ஆள், தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் ஒன்னு சொல்லட்டா?" என்று வாயைத் திறந்தேன்.

"இரு, பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அறுபத்திரண்டு வயது.

பேச்சு அதோடு நிற்கவில்லை. அத்தான் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். அதற்கு 'பல் விவகாரம்' என்று பெயர் வைத்து, என் வீட்டுக்காரரையும் அக்காவையும் சேர்த்தார். பல்லுக்குச் சொந்தக்காரியைச் சேர்க்க மறந்துவிட்டார். அதில் என்ன நடக்கிறது என்பதை அக்கா எனக்கு போன் செய்து சொல்வாள். இரண்டாவது வாரத்தில் அவள் குரலில் ஒரே பரபரப்பு.

"ஏய், ஒங்க அத்தான் இன்டர்நெட்ல தேடிக் கண்டுபுடிச்சிட்டாரு. இருபத்து மூனாம் கிரேடு இருக்காம்!"

அன்றிலிருந்து அத்தானுக்கு இருபத்து மூன்றுக்குக் கீழே எதுவும் பேச்சே இல்லை. தன் மைத்துனி வாயில் ஐந்து இருந்தால் தன் ஓய்வூதியத்துக்கே இழுக்கு என்பதுபோல் நடந்துகொண்டார். என் வீட்டுக்காரரோ ஒன்றிலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை. "இருபத்து மூனாம் கிரேடுன்னா அது ரப்பரா, குப்பையா? அதப் போயி மனுசன் வாயில வெப்பானா?" என்றார். தீபாவளி விருந்திலும் இதே பேச்சு. நான் ஆட்டிறைச்சியை ஒரு பக்கமாக ஒதுக்கி மென்றுகொண்டிருந்தேன். பிளேட் இரண்டு முறை கழன்று சோற்றில் விழுந்தது. அக்கா பெரிய மனதோடு ஒரு சமரசம் சொன்னாள்: "ஒருத்தர் ஒன்னு, ஒருத்தர் இருபத்து மூனு. நடுவுல பன்னெண்டு வெச்சுக்கலாமே லா."

பல்லு போனால் சொல்லு போச்சு என்பது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. பிளேட் அண்ணத்தை அடைத்துக்கொண்டதில் பேச்சு குழறியது. அதனால் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். நான் பேசுவதைக் குறைத்ததை யாரும் கவனிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. டைட்டானியத்தின் மேல் இல்லை. முப்பத்தெட்டு வருடமாக என் வாயை ஒருவர் மாற்றி ஒருவர் தரம் பார்த்தாயிற்று. மாமியார் எடுப்பு என்றார். இவர் ஒன்று என்கிறார். அத்தான் இருபத்து மூன்று என்கிறார். என் வாயில் என்ன இருக்கவேண்டும் என்று ஒரு தடவையாவது என்னைக் கேட்கவேண்டும், அவ்வளவுதான் நான் விரும்பியது. கேட்பார்கள் என்று காத்திருந்தால் மிச்சப் பல்லும் விழுந்துவிடும் என்று தோன்றியது.

தீபாவளி முடிந்ததும் கந்த சஷ்டி விரதம் தொடங்கும். ஆறு நாள். வருடா வருடம் நான் பிடிக்கிற விரதம்தான். இரண்டாம் நாள் காலை, "பிரிக்பீல்ட்ஸ் முருகன் கோயிலுக்குப் போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன். பொய் இல்லை. முதலில் கோயிலுக்குத்தான் போனேன். "இன்னிக்கு வேல நல்லபடியா முடியணும்" என்று கும்பிட்டுவிட்டு, அப்படியே நடந்து மாடியேறினேன்.

"வீட்ல பேசிட்டீங்களா ஆன்டி?" என்று கேட்டார் டாக்டர்.

"பேசினாங்க. நான் இல்லாம."

அவர் சிரித்துவிட்டார். பிறகு என் கேள்விகளைக் கேட்டேன். நாலுக்கும் ஐந்துக்கும் என்ன வித்தியாசம், ஒன்று ஏன் இல்லை, சான்றிதழ் இருக்கிறதா, தயாரிப்புத் தொகுதி எண் எங்கே போட்டிருக்கும். டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒன்னுலேர்ந்து நாலு வரைக்கும் எல்லாமே சுத்த டைட்டானியம்னுதான் சொல்வாங்க. ஒன்னு ரொம்ப சுத்தம், ரொம்ப மெது. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது தங்கத்துல வளையல் செஞ்சா வளைஞ்சிடும்ல, அந்த மாதிரி. நாலுல கொஞ்சம் ஆக்சிஜன், கொஞ்சம் இரும்பு கூட இருக்கும். அதுதான் அதுக்குப் பலம். அஞ்சுல அலுமினியம், வனேடியம் கலப்பாங்க, அது இன்னும் பலம். இருபத்து மூனும் கிட்டத்தட்ட அஞ்சுதான், இன்னும் கொஞ்சம் சுத்தமா செஞ்சது. நம்பர் மார்க்கு இல்ல ஆன்டி. வெறும் பேரு."

அதாவது ரப்பர் ஷீட்டில் எதைப் பார்த்து என் வீட்டுக்காரர் கிரேடைக் குறைப்பாரோ, அந்த அழுக்குதான் இங்கே பலம். இதை அவரிடம் சொன்னால் அன்றைக்கே ஆலை முதலாளிக்குக் கடிதம் எழுதுவார்.

"நீங்க எதப் போடுவீங்க டாக்டர்?"

"என் கைக்குப் பழகினது நாலு. ஒங்க எலும்பு அகலமா இருக்கு, அதுக்கு இது போதும். ஆனா கிரேடவிட, நீங்க எப்படி தேச்சு சுத்தமா வெச்சிக்கிறீங்க, சக்கரை கட்டுப்பாட்டுல இருக்கா, அதுதான் முக்கியம். ஒங்களுக்கு எது வேணும்?"

எனக்கு எது வேண்டும். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் நான் பயப்படுவதாக நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு" என்றேன்.

மூடி முத்திரையிட்ட சின்னக் குப்பியைக் கொண்டுவந்து காட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் மேலிருந்த எழுத்தை ஒன்றுவிடாமல் படித்தேன். கிரேடு, நீளம், தொகுதி எண், காலாவதி. எல்லாம் சரியாக இருந்தது. 'பாஸ்' போட்டுவிட்டேன். என் ஓய்வுக்காலச் சேமிப்பு இருந்ததால் யாரிடமும் கையெழுத்துக் கேட்க வேண்டியிருக்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டார். வலிக்கவில்லை, ஆனால் எலும்பில் துளைபோடும் அதிர்வு நெற்றிப்பொட்டு வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்றால் வாயைத் திறந்தல்லவா வைத்திருக்கச் சொல்கிறார்கள். மனதுக்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே கிடந்தேன்.

திரும்பும்போது ரயிலில் மருந்தின் வேகம் இறங்கத் தொடங்கியது. பெண்கள் பெட்டியில் கைக்குட்டையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றேன். தலையில் தூடோங் முக்காடு அணிந்த ஒரு மலாய்ப் பெண், கல்லூரி மாணவியாக இருக்கவேண்டும், சட்டென்று எழுந்து இடம் கொடுத்தாள்.

"சாக்கிட் கா, ஆன்டி?" என்று கேட்டாள். வலிக்கிறதா என்று.

தலையை ஆட்டினேன். ஆவணியில் முறுக்கு கடித்த நாளிலிருந்து என் சொந்தக்காரர்கள் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஷா ஆலாம் ஸ்டேஷன் வரை எனக்குக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அவள் வலியால் என்று நினைத்துத் தண்ணீர் போத்தலை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் 'மௌன விரதம்' என்று எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன். நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. ஆறிய கஞ்சி, பால், மாத்திரை. கன்னம் வீங்கியிருந்தது, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தாளைப் படித்தார். "நல்லது. முருகன் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடக் கடைக்குப் போனார். விரதம் முடிந்து நான் பேசத் தொடங்கிய அன்று, "ஓ, நீ பேசாமயா இருந்த?" என்று கேட்டார். எழுதி ஒட்டியதைப் படித்த மனிதர் கேட்ட கேள்வி இது.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதங்கள் என் வாழ்க்கையிலேயே சுவாரஸ்யமானவை. திருகாணி ஈறுக்குள் உட்கார்ந்து எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே அதே பழைய பிளேட். வெளியிலிருந்து யாருக்கும் ஒன்றும் தெரியாது. எதிரில் உட்கார்ந்து இரண்டு பெரிய மனிதர்கள், ஏற்கெனவே இறக்கியாகிவிட்ட ஆணிக்கு இன்னும் கிரேடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருநாள் அத்தான் விமானத்தில் போடும் டைட்டானியத்தைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினார். நான் விமானம் ஓட்டப் போவதில்லை, அப்பளம் கடிக்கப் போகிறேன் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. இரண்டு பேருக்கும் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணீர் ஊற்றினேன்.

தை மாதம் திருகாணி நன்றாகப் பிடித்துக்கொண்டதாக டாக்டர் சொன்னார். மேலே வைக்கும் பல்லுக்கு அளவெடுக்க வேண்டும்.

"பழைய பல்லு எப்படி இருந்திச்சுன்னு ஞாபகம் இருக்கா ஆன்டி? போட்டோ இருக்கா?"

போட்டோ எங்கிருந்து வரும். குங்குமச் சிமிழைத் திறந்து துண்டைக் காட்டினேன். எப்படித் துருத்திக்கொண்டிருந்தது என்று விரலால் காட்டினேன்.

"நேரா வெச்சிடவா? நல்ல சான்ஸ்" என்றார்.

யோசிக்கப் பத்து நிமிடம் கேட்டேன். கண்ணாடியில் அந்த இடைவெளியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எத்தனை கல்யாணத்தில், எத்தனை நகைச்சுவைக்கு, கை வாய்க்குப் போயிருக்கும்? இப்போது நேராக வைத்துக்கொள்ளலாம். ஆனால் நேராக வைத்தால் மாமியார் சொன்னது சரி என்று ஆகிவிடும். அவர் காலமாகி இருபது வருடம் ஆகிறது. இருந்தாலும் அந்த வெற்றியை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"இருந்த மாதிரியே வெச்சிடுங்க" என்றேன்.

பல் வந்த வாரமே அக்கா குடியிருப்பில் பொங்கல் நிகழ்ச்சி. அங்கே பொங்கல் எப்போதும் பொங்கலன்று வராது. மண்டபமும் பிரமுகரும் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். பிரமுகர் பேசி முடித்துப் போன பிறகு கரும்பு வெட்டிக் கொடுத்தார்கள். எங்கள் மேசையில் அத்தான் இருபத்து மூன்றைப் பற்றி ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் ஒன்றைப் பற்றி ஆரம்பித்தார். நான் ஒரு துண்டுக் கரும்பை எடுத்து இடப்பக்கம் வைத்துக் கடித்தேன். கரும்பு கடிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் என்னை மன்னிக்க வேண்டும், மெதுவாகத்தான் கடித்தேன்.

"ஏய், பிளேட்டு கழண்டு விழப்போவுது!" என்று அக்கா கத்தினாள்.

"பிளேட்டு இல்லக்கா. பல்லு."

மூன்று பேரும் என் வாயை எட்டிப் பார்த்தார்கள். அத்தான் முதலில் தேறிக்கொண்டார். "எப்போ? எந்த கிரேடு?"

"கரும்பு நல்லா இனிக்குது அத்தான். நீங்களும் ஒரு துண்டு எடுத்துக்குங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு காருக்குப் போனார். நானும் பின்னால் போனேன். நெடுஞ்சாலையில் வழக்கம்போல் நெரிசல். அவர் வானொலியைக்கூடப் போடவில்லை. சண்டை வரும் என்று நான் தயாராக இருந்தேன். பெட்ரோல் போடும் எண்ணெய்க் கடை ஒன்றில் திருப்பி, நிழலில் காரை நிறுத்தினார்.

"எப்போ வெச்ச?"

"சஷ்டியில."

"சஷ்டியிலயா?" விரலை மடக்கி மாதம் எண்ணினார். "எங்கிட்ட சொல்லலியே."

"நீங்க கேக்கலியே."

அவர் என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். வெளிச்சம் நேராக வாய்க்குள் விழுந்தது. ஷீட்டைப் பார்க்கிற அதே பார்வை. புருவம் சுருங்கி, மூச்சை அடக்கி. கொப்புளம், புள்ளி, பூசணம் என்று அவர் மனதுக்குள் ஓடுவது எனக்குக் கேட்பதுபோல் இருந்தது. இப்போது கிரேடைக் கேட்பார் என்று காத்திருந்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன், காரமாக.

"அதே கோணல்" என்றார். பிறகு கையை எடுக்காமலே, "வலிச்சிச்சா?" என்று கேட்டார்.

எண்ணெய்க் கடை நிழலில், அறுபத்திரண்டு வயதில், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். "மொத நாளு ரொம்ப வலிச்சிச்சுங்க" என்றேன். அவர் சட்டைப்பையைத் துழாவினார், கைக்குட்டை இல்லை. காரில் கிடந்த கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்துக் கொடுத்தார். "சஷ்டியில பேசாம இருந்தியே, அதுவா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் என் பக்கத்து வெயில் மறைப்பை இறக்கிவிட்டுக் காரை எடுத்தார்.

ஷா ஆலாம் தாண்டும் வரைதான் அவரால் பொறுக்க முடிந்தது.

"கேக்கக் கூடாதுன்னுதான் பாத்தேன்" என்றார். "என்னா கிரேடு?"

"நாலு."

அவர் அதை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். நாலு. கிள்ளான் பாலம் கண்ணில் படும் வரை யோசித்தார்.

"நாலுன்னா தள்ளிவிடற சரக்கு இல்ல லா" என்றார் கடைசியில். "அங்கங்க புள்ளி இருக்கும், கொஞ்சம் கோணியிருக்கும். ஆனா இழுத்துப் பாத்தா அறுவாது. ரொம்ப நாளு ஒழைக்கும்."

சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறந்து, கோணல் பல் தெரிய, சத்தமாகச் சிரித்தேன். அவர் திரும்பி என் பல்லைப் பார்த்தார், பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்தது. இடது கை மடியிலேயே இருந்தது.